முன்சீப் கோர்ட்டில் ஒரு பழைய நம்பர்

சோழன் எக்ஸ்பிரஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது எதிர் சீட்டுப் பெரியவர் கேட்டார், "மாயவரத்துல எந்தக் கோயிலுக்கும்மா?" கோர்ட்டுக்கு என்றேன். அதன்பிறகு சீர்காழி தாண்டும்வரை அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகிற பெண்பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது என்று நினைத்திருப்பார்.

என் பேரில் வழக்கு ஏதும் இல்லை. அம்மாவின் அப்பாவும் அவருடைய தம்பியும் 1957இல் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினை வழக்கு அது. இருவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பூர்வீக வீட்டில் இப்போது இருப்பவர் மாமா. மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்க வீட்டின் பேரில் பேங்க் லோன் கேட்டிருந்தார். பத்திரங்களைப் பார்த்த பேங்க் வக்கீல், 1971ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில் ஒரு வரியில் விரலை வைத்துவிட்டார். சின்னத் தாத்தா வீட்டார் தங்கள் பங்கில் கொஞ்சத்தை எங்கள் தாத்தாவுக்கே விற்ற பத்திரம். மாயூரம் டிஸ்டிரிக்ட் முன்சீப் கோர்ட்டு 1957ஆம் வருஷத்து அசல் வழக்கின் டிகிரிப்படி தமக்குப் பாத்தியப்பட்ட சொத்து என்று அதில் எழுதியிருந்தது. "அந்த டிகிரி காப்பியைக் கொண்டாங்க, மத்ததைப் பேசலாம்" என்றாராம் வக்கீல். வழக்கு எண் இருந்த இடத்தில்தான் பத்திரத்தின் மடிப்பு விழுந்து, தாள் பொடிந்து போயிருந்தது.

"நீதாம்மா நாலு எழுத்து படிச்சு நாலு ஆபீஸ் ஏறி இறங்கறவ, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று மாமா கூப்பிட்டார். பழைய காகிதம் என்றால் எனக்கும் ஒரு சபலம் உண்டு. கிளம்பிவிட்டேன்.

ரயிலிலேயே போனில் தேடிப் பார்த்தாகிவிட்டது. நீதிமன்றங்களைக் கணினிக்குள் கொண்டுவரும் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007இல் தொடங்கியது. இன்று பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று பதினாறு இடங்கள் கொண்ட அடையாளம் கிடைக்கிறது. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு எந்த நீதிமன்றம், வரிசை எண், கடைசி நான்கில் வருஷம். இதைத் தட்டினால் அடுத்த வாய்தா எப்போது என்பதுவரை தெரிந்துவிடும். வாதி பேரைப் போட்டும் தேடலாம், வக்கீல் பேரைப் போட்டும் தேடலாம். நேற்றைக்குப் போட்ட வழக்கு உடனே வருகிறது. கணினி வருவதற்கு முன்பே முடிந்துபோன வழக்குக்கு அங்கே இடமில்லை. 1957 எல்லாம் நேரில் போய்த் தேடவேண்டிய சங்கதி.

எங்கே நேரில் போவது என்பது அடுத்த கேள்வி. சொத்து இருக்கிற ஊர்தானே, அந்த ஊர் கோர்ட்டில்தானே இருக்கும் என்று தோன்றும். மயிலாடுதுறை விஷயத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. 1957இல் இந்த ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு தாலுகா. ஊருக்குப் பேரே மாயூரம், பேச்சில் மாயவரம். 1982இல்தான் மயிலாடுதுறை என்ற பழைய தேவாரப் பெயர் அரசாங்கக் காகிதங்களுக்குத் திரும்பியது. 1991இல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது இந்த ஊர் நாகையோடு போயிற்று. 2020 டிசம்பர் 28 அன்று அதுவே தனி மாவட்டமாகி, தமிழ்நாட்டின் 38ஆவது மாவட்டம் ஆனது. மாவட்டம் பிரியும்போது கலெக்டர் ஆபீஸ் போர்டை ஒரே நாளில் மாட்டிவிடலாம். காகிதக் கட்டுகள் அப்படி நகர்வதில்லை. முன்சீப் கோர்ட்டில் தீர்ந்த வழக்கு இந்த ஊரிலேயே இருக்கும். அப்பீலுக்குப் போயிருந்தால் அசல் கட்டும் கூடவே போயிருக்கும். அந்தக் காலத்து ஜில்லா கோர்ட் என்றால் அது தஞ்சை வட்டாரத்து விஷயம். இரண்டாவது அப்பீல் வரை போயிருந்தால் சென்னை ஐகோர்ட். அப்படிப் போயிருந்தால் ஒருவகையில் நல்லது. ஐகோர்ட் தீர்ப்புகளில் முக்கியமானவற்றை மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் அச்சிட்டு வருகிறது. அதில் கீழ்க்கோர்ட் எண்ணையும் பிடிக்க வாய்ப்புண்டு. எங்கள் தாத்தாக்களின் சண்டை அவ்வளவு முக்கியமானதாக இருந்திருக்காது.

இந்த ஊர்க்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட பெரிய வழக்கு ஒன்று உண்டு. சினிமா நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்தது 1910இல் மாயவரத்தில். 1944இல் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகளாகத் தீர்ப்பாகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். அந்த வழக்கின் ஒரு துண்டுக் காகிதம்கூட மாயவரத்தில் கிடைக்காது. கொலை நடந்தது சென்னையில், விசாரணை நடந்ததும் அங்கேதான். ஆள் எந்த ஊர் என்று கோர்ட் பார்ப்பதில்லை, சம்பவம் எங்கே, சொத்து எங்கே என்றுதான் பார்க்கும். தேடப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் போகும் வழி முழுக்க லோனைப் பற்றித்தான் பேச்சு. துலாக் கட்டத்தையும் மயூரநாதர் கோயிலையும் மறுநாளைக்கு ஒத்திவைத்தோம்.

கோர்ட் வளாகத்தில் மாமாவுக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் காத்திருந்தார். எழுபதைத் தொடும் வயது. கையில் ரெக்சின் பை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. வக்கீல்கள் வருவார்கள் போவார்கள், குமாஸ்தாவிடம் இருக்கிற தகவல் வேறு எவரிடமும் கிடையாது என்று என் அனுபவம் சொல்கிறது. பத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் போனாப் போவுது, வருஷம் இருக்குல்ல? அது போதும். பேரச் சொல்லுங்க. இனிஷியல் வேணாம், பட்டத்தோட முழுப்பேரு சொல்லுங்க. அப்ப எல்லாம் ஜாதிப் பட்டத்தோடதான் ஏத்துவாங்க. இங்கிலீஷ்ல என்ன ஸ்பெல்லிங்ல எழுதினாங்களோ, அது அந்த கிளார்க்குக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்."

வழக்கின் மதிப்பு என்ன இருக்கும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. சொத்து மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால் முன்சீப் கோர்ட், தாண்டினால் சப் கோர்ட். இரண்டுக்கும் தனித்தனி ரிஜிஸ்டர். குத்தகைத் தகராறாக இருந்திருந்தால் இரண்டிலும் இருக்காது. 1955ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு டெல்டாவில் அந்தச் சண்டைகளெல்லாம் வருவாய் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. பத்திரத்தில் முன்சீப் கோர்ட்டு என்று தெளிவாக இருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

மாமா மகனுக்கு இந்தப் பாடெல்லாம் பிடிக்கவில்லை. "ஆர்.டி.ஐ. போட்டா முப்பது நாள்ல தந்தாகணும்ல?" என்றான். தகவல் உரிமைச் சட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் நம்பிக்கை பெரிது. ஆனால் நீதிமன்றக் கட்டுக்குள் இருக்கும் காகிதங்களுக்கு அந்த வழி இல்லை. 2020 மார்ச் 4 அன்று, குஜராத் ஐகோர்ட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. நீதிமன்றத்துக்கென்று நகல் தரும் விதிகள் இருக்கும்போது, அந்த விதிப்படிதான் கேட்க வேண்டும் என்பது தீர்ப்பு. விதி என்னவென்றால், வழக்கின் தரப்பினர் நகல் மனு போட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கில் சேராத மூன்றாம் நபர் என்றால், ஏன் வேண்டும் என்று உறுதிமொழிப் பத்திரம் வைத்து, நீதிபதி உத்தரவு போட்டால் கிடைக்கும். பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் தருவது அதிகாரியின் கடமை என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 76ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் அதையே 75ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டப் புத்தகத்தைப் படித்தால் கதவு திறந்துதான் இருக்கிறது. எண் இல்லாமல் போய் நிற்பவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அவ்வளவுதான்.

நாங்கள் மூன்றாம் நபரா, தரப்பினரா? மாமா வாதியின் மகன், வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்தது. அதனால் அவர் பேரில் மனு. எண் தெரியாததால் முதலில் தேடுவதற்கு ஒரு விண்ணப்பம், அதற்கு நீதிமன்றக் கட்டண வில்லை. வில்லையை நாவில் ஈரப்படுத்தி ஒட்டுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

ரெக்கார்டு ரூமுக்குள் வெளியாள் போக முடியாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். 1957ஆம் வருஷத்து சூட் ரிஜிஸ்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்கள். கெட்டி அட்டை, முதுகில் துணி, ஓரமெல்லாம் செல்லரித்து அலையலையாக இருந்தது. திறந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கோடு ஓடுகிறது. சிவில் நடைமுறைச் சட்டம் வகுத்த படிவம் அது. வாதி பெயர், தொழில், இருப்பிடம், அதேபோல் பிரதிவாதிக்கு, பிறகு கோரிக்கை, அதன் மதிப்பு, வழக்குமூலம் எழுந்த நாள், ஆஜராக வேண்டிய நாள், தீர்ப்பு யாருக்கு, எதற்கு, அப்பீல் உண்டா, நிறைவேற்றுதல் உண்டா. ஒரு குடும்பம் பத்து வருஷம் பேசாமல் இருந்ததற்கான காரணம் ஒரு வரிக்குள் இடமிருந்து வலமாக முடிந்துவிடுகிறது.

ஊழியர் விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனார். கடன் பத்திரம், கடன் பத்திரம், வாடகை, வாய்க்கால் தண்ணீர், கடன் பத்திரம். 1957இல் மாயவரம் ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கலில்தான் பொழுதைப் போக்கியிருக்கிறது. பெயர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஆண்கள். எப்போதாவது ஒரு அம்மாள் வந்தால், இன்னாரின் விதவை அல்லது மைனருக்குக் கார்டியன்.

"இதுங்களா பாருங்க" என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். தாத்தா பெயரில் ஒரு எழுத்து குறைந்தும் ஒரு எழுத்து கூடியும் இருந்தது. தொழில், மிராசுதார். இரண்டு மா நிலம் வைத்திருந்தவர் அந்தக் காலத்தில் மிராசுதார்தான் போலிருக்கிறது. முதல் பிரதிவாதி சின்னத் தாத்தா. மூன்றாம் பிரதிவாதியாகக் கொள்ளுப்பாட்டி, விதவை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பெத்த அம்மாவையே பிரதிவாதி ஆக்கிருக்காரு பாரேன் அப்பா" என்றார். குமாஸ்தா சமாதானம் சொன்னார். பாக வழக்கில் பங்குள்ள அத்தனை பேரையும் சேர்த்தாக வேண்டும், கேட்காதவர்களைப் பிரதிவாதி வரிசையில்தான் போட முடியும், அதில் கோபதாபம் ஒன்றுமில்லை என்று.

நம்பர் கிடைத்துவிட்டது. கட்டு இருக்குமா என்பது தனிக் கதை. எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருந்தால் ஊரில் வேறு எதற்கும் இடமிருக்காது. 1917ஆம் வருஷத்து ஆவண அழிப்புச் சட்டம் இதற்கென்றே வந்தது. எதை எத்தனை வருஷம் வைப்பது என்று ஐகோர்ட் விதி செய்யலாம். சம்மன், பேட்டா மெமோ, வக்காலத்து மாதிரியானவை முதலில் போகும். தீர்ப்புக்கும், டிகிரி என்கிற தீர்ப்பாணைக்கும் ஆயுள் கெட்டி. கட்சிக்காரர்கள் சான்றாவணமாகக் குறியீடு செய்த பத்திரங்களை வழக்கு முடிந்தபின் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், வாங்காமல் விட்டவர்களும் ஏராளம். எங்கள் கட்டில் பிராது, தீர்ப்பு, தீர்ப்பாணை மூன்றும் இருப்பதாகத் தகவல் வந்தபோது, குமாஸ்தா எங்களைவிட அதிகம் சந்தோஷப்பட்டார்.

நகல் மனு கொடுத்தாயிற்று. இனிப் பக்கம் எண்ணி, எத்தனை முத்திரைத் தாள் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் போடுவார்கள். "ஸ்டாம்ப் கால்ட் ஃபார்" என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்துக் குறித்த கெடுவுக்குள் தாளைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. வெளியூர்க்காரர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மனு கொடுத்த கையோடு ஊருக்குப் போய்விட்டுப் பட்டியலை மறந்துவிடுவார்கள். எங்களுக்குக் குமாஸ்தா இருந்தார். "நான் பாத்துக்கறேன், நீங்க நாலு எடம் சுத்திட்டு வாங்க" என்றார்.

தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறினேன். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று போகிற சாலை. இந்தத் தடத்தில் 1926 முதல் ரயிலும் ஓடியது. 1980களில் நின்றுபோயிற்று. ராஜ வீதியில் நுழைந்து கோட்டையைப் பார்க்கும் கூட்டத்தில் நான் சேரவில்லை, என் புத்தி கோர்ட்டிலேயே இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிய டேனியர்கள், 1845இல் இங்கிலீஷ்காரர்களிடம் செரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கே ஆட்சி நடந்திருக்கிறது, வழக்கும் நடந்திருக்கும். அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி இன்று கோபன்ஹேகனில். சென்னை எழும்பூரில் 1909இல் தொடங்கிய ஆவணக் காப்பகத்திலும் டேனிய ஆவணங்கள் உண்டு. தரங்கம்பாடிக்காரர் ஒருவர் தன் எள்ளுப்பாட்டன் காலத்து மனைத் தகராறைத் தேடப் புறப்பட்டால், டேனிஷ் படித்துக்கொண்டு கப்பலேற வேண்டும். எனக்கு மாயவரமே தேவலாம் என்று தோன்றியது.

இதே தரங்கம்பாடியில்தான் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக உத்தியோகத்தைத் தொடங்கினார். 1826இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். பிறகு சீர்காழி, கடைசியாக மாயூரம். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் நாவலாசிரியராக அறியப்படுகிறார். அவர் கோர்ட்டில் முதலில் பார்த்த வேலையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. திருச்சி கோர்ட்டில் அவர் ரெக்கார்டு கீப்பர், ஆவணக் கட்டுகளுக்குப் பொறுப்பாளர். அதன்பின் மொழிபெயர்ப்பாளர். 1805 முதல் 1861 வரை வந்த சதர் கோர்ட் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்று 1862இல் அச்சிட்டார். கட்டைப் பிரித்து அடுக்கியவருக்குத்தான் அதற்குள் இருப்பதை ஊரார் படிக்க முடியவில்லை என்ற எரிச்சல் வந்திருக்கும். நாவலைவிட இந்த வேலையே பெரிது என்று நான் சொன்னால் இலக்கியக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர் தமிழாக்கிக் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிந்தும், எங்கள் தாத்தாவின் வழக்கு இங்கிலீஷில்தான் தீர்ந்தது. கீழ்க்கோர்ட்டுகள் தமிழில் சாட்சியம் பதிந்து தமிழில் தீர்ப்பெழுத வேண்டும் என்ற திருத்தம் 1976இல்தான் ஆட்சிமொழிச் சட்டத்துக்கு வந்தது.

திரும்பும்போது பிடிவாதமாகக் காரைக்கால் போய் வந்தேன். மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் நாகைக்கும் நடுவில் புதுச்சேரி அரசின் துண்டு நிலம் அது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. தாத்தா வழக்குப் போடுவதற்கு மூன்று வருஷம் முன்புவரை, பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் எட்டுகிற இந்த ஊரில் பாகப்பிரிவினை என்றால் நொத்தேர் என்கிற நோட்டரியிடம் போய் பிரெஞ்சில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் காகிதத்தைத் தேடுகிறவர்கள் புதுச்சேரியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகப் பிரிவுவரை போக வேண்டியிருக்கும். ஒரே கோயில், ஒரே வாய்க்கால், கொண்டான் கொடுத்தான் உறவு, அப்படியிருந்தும் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு மூன்று ராஜாக்கள் மூன்று பாஷையில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நகல் தயாரான தகவல் வந்ததும் மாமாவோடு மறுபடி கோர்ட். முன்பெல்லாம் தட்டச்சுப் பிரதி, இப்போது ஜெராக்ஸ் எடுத்து முத்திரை வைத்துத் தருகிறார்கள். கடைசிப் பக்கத்தின் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று குத்தி, அதற்குள் பேனாவால் தேதிகள் நிரப்பியிருந்தது. மனு கொடுத்த நாள், முத்திரைத் தாள் கோரிய நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பீலுக்கு முப்பது நாள், தொண்ணூறு நாள் என்று கெடு உண்டு. நகல் வாங்கப் பிடித்த நாட்களை அந்தக் கெடுவில் கழித்துக்கொள்ள 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கழிப்புக்கு ஆதாரம் இந்த ஐந்து தேதிகள். வழக்கு ஜெயித்ததும் தோற்றதும் இந்தக் கட்டத்துக்குள் எழுதிய ஒரு தேதியால் மாறியிருக்கிறது என்றார் குமாஸ்தா.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்பை நான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிராதில் ஓரிடத்தில் மாமா சிரித்துவிட்டார். அண்ணனும் தம்பியும் சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருவதாகத் தாத்தா எழுதியிருந்தார். நடுவாசலில் சுவர் எழுப்பி, கிணற்று வாளியைத் தனித்தனியாக வைத்திருந்த காலம் அது. 1955ஆம் வருஷத்து நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின்படி, கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பங்கு கேட்டால் சொற்பக் கட்டணம், அனுபவம் இல்லாதவர் கேட்டால் பங்கின் மதிப்பின்மேல் கட்டணம். அதனால் தமிழ்நாட்டில் எந்தப் பாக வழக்குப் பிராதைப் பிரித்தாலும் அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

தீர்ப்பாணையில் பங்குகள் தெளிவாக இருந்தன. தாத்தாவுக்கு இவ்வளவு, சின்னத் தாத்தாவுக்கு இவ்வளவு, கொள்ளுப்பாட்டிக்கு இவ்வளவு. மாமா முகம் மலர்ந்தது. குமாஸ்தா மட்டும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். தலைப்பில் விரலை வைத்தார்.

"இது முதல்நிலைத் தீர்ப்பாணைங்க. யாருக்கு எத்தனை பங்குன்னு சொல்றது. எந்த மூலை யாருக்கு, எந்தக் கட்டு யாருக்குன்னு கமிஷனர் வந்து அளந்து, அப்பறம் இறுதித் தீர்ப்பாணை ஆகணும். அதுக்கு மனுவே போடல போல, ரிஜிஸ்டர்லயும் ஒண்ணும் ஏறல."

இறுதித் தீர்ப்பாணைக்கு முத்திரைத் தாள் செலவு உண்டு. முத்திரைச் சட்டம் அதையும் பாகப்பத்திரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவுக்குப் பயந்தோ, அதற்குள் இருவரும் சமாதானமாகியோ, வாய்ப்பேச்சில் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இறுதித் தீர்ப்பாணை கேட்பதற்குக் காலக்கெடு இல்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், இப்போதும் கேட்கலாம். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப போட்ருவோம். பேங்க்காரன் வாயை அடைச்சிரலாம்."

குமாஸ்தா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "போடலாம். ஆனா இப்பப் போட்டா உங்க அக்கா தங்கச்சிங்களையும் சேத்துத்தான் போடணும். அப்பா உயில் எழுதலேங்கறீங்க. பெரியவர் பங்குல அவங்களுக்கும் கேள்வி இருக்கு. ரெண்டாயிரத்து அஞ்சுல சட்டம் வேற மாறிடுச்சு, இருவதுல சுப்ரீம் கோர்ட்டும் பொறந்த பொண்ணுக்குப் பொறப்பாலயே உரிமைன்னு சொல்லிருச்சு. வக்கீலய்யா கணக்குப் போட்டுச் சொல்லுவாரு, எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

மாமா நகலை வாங்கி மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. வாதி, பிரதிவாதி வரிசையை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். அதில் அம்மா பெயர் இல்லை, சித்தி பெயர் இல்லை. 1957இல் அம்மாவுக்கு ஐந்து வயது, சித்தி பிறக்கவேயில்லை.

"இதுக்கு இன்னொரு காப்பி எடுக்கணும்னா, திரும்ப முதல்லேர்ந்து மனுப் போடணுமா?" என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

"நம்பர்தான் தெரிஞ்சிருச்சே, சுளுவா கெடைக்கும்" என்றார் அவர்.

"அப்ப ரெண்டா போடுங்க" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கம்மாவுக்கு ஒரு போன் போடு. நானே சொல்றேன்" என்றார்.